முன்கள வீரரின் நீண்டகால மதிப்பு: அரியலூர் கார்த்தி செல்வத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

எதிரணியின் கோல் பகுதிக்கு மிக அருகில் ஆடி, கோல் போடும் பொறுப்பில் முதல் பங்கை ஏற்பவர் முன்கள வீரர் எனப்படுகிறார். அவருடைய வெற்றியும் தோல்வியும் பார்வையாளர் அனைவருக்கும் தெரிவதால், அவரை மதிப்பிடுவது எளிது என்ற எண்ணம் விளையாட்டு உலகில் வேரூன்றியிருக்கிறது. கோல் எண்ணிக்கை என்னும் ஒற்றை எண் எப்போதும் கையருகே கிடைப்பதால் வேறு எதையும் தேடிப் பார்க்கும் பழக்கம் வளரவில்லை. இதனால் இருபது, இருபத்தொரு வயதில் இருக்கும் ஒரு முன்கள வீரர் இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் தம் அணிக்கு என்னவாக இருப்பார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தவறான விடையே கிடைக்கிறது. இக்கேள்வியை ஆராய அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்தார் வெளியூர் எடுத்துக்காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. இந்திய ஹாக்கி அணியின் முன்கள வீரரான கார்த்தி செல்வம் அரியலூரைச் சேர்ந்தவர், 2001-இல் பிறந்தவர், எளிய குடும்பத்திலிருந்து கோவில்பட்டிப் பயிற்சி மையம் வழியாகத் தேசிய அணிக்குச் சென்றவர்.

அவருடைய ஆட்டப் பதிவு ஏற்றமும் இடைவெளியும் கலந்தது. 2022 மே 23 அன்று ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டத்தில், பாகிஸ்தானுக்கு எதிராக இந்திய அணிக்காகக் களமிறங்கிய அவர் 9-ஆம் நிமிடத்தில் கோல் அடித்தார். பாகிஸ்தான் 59-ஆம் நிமிடத்தில் சமன் செய்ததால் ஆட்டம் 1-1 என முடிந்தது. பிரேந்திர லக்ரா தலைமையில் பெரும்பாலும் இளையவர்களைக் கொண்டு சென்ற அந்த அணி, ஜப்பானை 1-0 என வென்று வெண்கலத்துடன் திரும்பியது. அதே ஆண்டு நவம்பரில் புவனேசுவரத்தில், உலகின் முன்னணி நாடுகள் ஆண்டுதோறும் மோதும் புரோ லீக் தொடரில், நியூசிலாந்தை இந்தியா 7-4 என வீழ்த்திய ஆட்டத்தில் அவர் இரண்டு கோல்கள் போட்டார். 2023 மார்ச்சில் ரூர்கேலாவில், இரண்டு மாதங்களுக்கு முன்புதான் உலகக் கோப்பையை வென்றிருந்த ஜெர்மனியை இந்தியா 6-3 எனத் தோற்கடித்தபோதும் அவருடைய மட்டையிலிருந்து இரண்டு கோல்கள் வந்தன. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டியில், மலேசியாவுக்கு எதிரான 5-0 வெற்றியின் முதல் கோலை 15-ஆம் நிமிடத்தில் அடித்தவரும் அவரே. 2007-க்குப் பிறகு சென்னைக்குத் திரும்பிய பெரிய பன்னாட்டு ஹாக்கிப் போட்டி அது; இறுதியாட்டத்தில் 1-3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா 4-3 என மலேசியாவை வென்று கோப்பையைக் கைப்பற்றியது.

அதன்பின் இடைவெளி தொடங்குகிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான அணியிலும், 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியிலும் அவர் இடம்பெறவில்லை. 2025-இல் ராஜ்கிரில் நடந்த ஆசியக் கோப்பைக்கு மாற்று வீரராகவே அறிவிக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் மலேசியாவின் ஈப்போ நகரில் நடந்த சுல்தான் அஸ்லான் ஷா கோப்பைக்கான அணியில் மீண்டும் இடம்பெற்றார். இருபத்தொரு வயதில் உலகச் சாம்பியன் அணிக்கு எதிராக இரண்டு கோல் போட்ட ஒருவர் அடுத்த ஆண்டே ஒலிம்பிக்குக்கு வெளியே நிற்பதைக் கண்டால், தேர்வாளர்கள் தவறினர் என்றோ வீரர் தேய்ந்துவிட்டார் என்றோ முடிவு கட்டத் தோன்றும். இவ்விரு முடிவுகளுமே கோல் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டவை. ஆகவே அந்த அளவுகோலைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோல் என்பது அரிதாக நிகழ்வது. அரிதாக நிகழ்வதைச் சிறிது காலமே எண்ணினால் தற்செயல் எது, திறமை எது என்று பிரித்தறிய இயலாது. ஓர் ஆட்டத்தில் கோல் போடுவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புள்ள முன்கள வீரரை எடுத்துக்கொள்வோம். பன்னாட்டு ஹாக்கியில் இது நல்ல தரமே. ஆறு ஆட்டங்கள் கொண்ட தொடர் ஒன்றில் அவர் ஒரு கோல்கூடப் போடாமல் போவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 18 விழுக்காடு வருகிறது. அதாவது எந்தக் குறையும் இல்லாத ஒரு வீரர் ஐந்தாறு தொடர்களுக்கு ஒருமுறை வெறுங்கையுடன் திரும்புவது இயல்பு. அந்த ஒரு தொடரை வைத்து அவரை நீக்கினால் அது அவருடைய திறமையை மதிப்பிட்டதாகாது. மறுபுறம், அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் இரண்டிரண்டு கோல் போட்டவரைத் தூக்கிக் கொண்டாடுவதிலும் இதே பிழை ஒளிந்திருக்கிறது. கார்த்தியின் 2022-23 கோல்கள் அவருடைய திறனுக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை அவருடைய திறனின் அளவு எவ்வளவு என்பதைச் சொல்லப் போதுமானவை அல்ல.

கோல் கணக்கில் இன்னொரு மறைவும் உண்டு. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா எட்டு ஆட்டங்களில் 15 கோல்கள் போட்டு வெண்கலம் வென்றது. அவற்றுள் 10 கோல்கள் அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங் அடித்தவை, அவர் தடுப்பாட்டக்காரர். நடுக்கள வீரரான விவேக் சாகர் பிரசாத் ஒன்று அடித்தார். அபிஷேக் இரண்டு, மந்தீப் சிங் ஒன்று, சுக்ஜீத் சிங் ஒன்று என ஐந்து முன்கள வீரர்களும் சேர்ந்து அடித்தவை நான்கே. லலித் உபாத்யாய், குர்ஜந்த் சிங் ஆகிய இருவர் பெயரிலும் கோல் இல்லை. கோல் எண்ணிக்கையை நம்பினால், பதக்கம் வென்ற ஓர் அணியின் முன்களம் முழுவதும் தோல்வியுற்றது என்று எழுத வேண்டிவரும். அது உண்மைக்கு முற்றிலும் மாறானது.

இதை விளங்கிக்கொள்ளப் பெனால்டி கார்னர் என்னும் வாய்ப்பைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். ஹாக்கியில் கோலைச் சுற்றி 14.63 மீட்டர் தொலைவில் வரையப்பட்ட வளைகோட்டுக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் செல்லும். இப்பகுதி சர்க்கிள் எனவும் ஆட்டக்காரர் பேச்சில் ‘டி’ எனவும் வழங்குகிறது. தடுக்கும் அணி இதற்குள் விதி மீறினால், பந்து ஒரு தடுப்பாட்டக்காரரின் காலில் பட்டால்கூட, தாக்கும் அணிக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும். அப்போது கோல்காப்பாளர் உட்பட ஐவர் மட்டுமே கோல்கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம். ஏனையோர் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். எல்லைக்கோட்டிலிருந்து தள்ளிவிடப்படும் பந்தைச் சர்க்கிள் விளிம்பில் நிறுத்தி, மட்டையால் இழுத்துச் சுழற்றி வீசுவதே டிராக் பிளிக். இதில் தேர்ந்தவர் ஹர்மன்பிரீத். அவர் கோல் போடுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் பந்துடன் சர்க்கிளுக்குள் நுழைந்து, தடுப்பாட்டக்காரரின் காலையோ மட்டையையோ தவறச் செய்திருக்க வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவர் முன்கள வீரர். கோல் பட்டியலில் அவருடைய பெயர் வருவதில்லை. ஆகவே டிராக் பிளிக்கை நம்பும் அணியில் முன்கள வீரரை அளக்க, அவர் எத்தனை முறை பந்துடன் சர்க்கிளுக்குள் நுழைந்தார், அவற்றில் எத்தனை பெனால்டி கார்னராக மாறின என்று எண்ணுவது கோல்களை எண்ணுவதைவிடப் பயன் தருவது. டிராக் பிளிக் அடிக்கும் பொறுப்பு இல்லாத கார்த்தி போன்றவர்களுக்கு இந்த எண்ணிக்கையே நியாயமான அளவுகோல்.

மூன்றாவது மறைவு, பந்து கையில் இல்லாத நேரத்தில் செய்யப்படும் வேலை. 2023-இல் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற தென்னாப்பிரிக்கரான கிரெய்க் ஃபுல்டன், வெற்றியைத் தடுப்பாட்டத்திலிருந்து கட்டியெழுப்பும் கொள்கை உடையவர். அம்முறையில் தடுப்பு தொடங்கும் இடம் முன்களமே. எதிரணி தன் பாதியில் பந்தை நகர்த்தத் தொடங்கும்போதே முன்கள வீரர்கள் ஒன்றுசேர்ந்து வழிகளை அடைத்து, பந்தை ஓரத்துக்குத் துரத்துவது பிரஸ்ஸிங் எனப்படுகிறது. ஒருவர் அரை நொடி பிந்தினாலும் மற்றவர்களின் ஓட்டம் வீணாகும் என்பதால், இதற்கு வேகத்தைவிடக் கூட்டுப் புரிதலே பெரிதும் வேண்டும். அப்புரிதல் ஒரே குழுவில் பல மாதங்கள் ஆடுவதால் வருவது. கார்த்தியின் சிறந்த புரோ லீக் ஆட்டங்கள் ஃபுல்டன் வருவதற்கு முந்தையவை என்பதை இங்கே கருத வேண்டும். பயிற்சியாளரும் ஆட்டமுறையும் மாறும்போது ஒரே வீரரின் மதிப்பு மாறிவிடுகிறது. அவர் கூடவோ குறையவோ இல்லை, அவரிடம் கேட்கப்படுவது வேறாகிவிட்டது.

கோல் கணக்கில் வராத இத்தகைய வேலையை முறையாக எண்ணாக்கிப் பார்த்தவர்களுள் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தாரும் அடங்குவர். ஒரு வீரர் களத்தில் இருக்கும் நேரத்தில் அணி எடுத்த புள்ளிகளிலிருந்து, அதே நேரத்தில் எதிரணி எடுத்த புள்ளிகளைக் கழித்து வரும் எண்ணை அவர்கள் கூட்டல்-கழித்தல் அளவு என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் முன்கள வீரரான ஷேன் பாட்டியர் தம் பெயரில் குறைவான புள்ளிகளே எடுத்தவர். எனினும் அவர் களத்தில் இருந்தபோதெல்லாம் அணி கூடுதலாக வென்றது என்பதை இந்த அளவு காட்டியது. எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் 2009-இல் அவரைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையால் இக்கருத்து உலகெங்கும் பரவியது; பாட்டியர் பின்னர் மயாமி அணியுடன் 2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளிலும் வாகை சூடினார். ஹாக்கியில் கோல்கள் அரிது என்பதால் இந்த அளவை அப்படியே பெயர்த்து நடுவது பயன்தராது. கோலுக்குப் பதிலாகச் சர்க்கிள் நுழைவுகளை வைத்துக் கணக்கிட்டால் மட்டுமே பொருள் கிடைக்கும்.

அணியின் அளவும் கணக்கில் சேர வேண்டும். ஹாக்கியில் வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இந்தச் சுழல் மாற்று முறையில் அறுபது நிமிட ஆட்டத்தின் மூன்று முன்கள இடங்களை ஆறு பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு முப்பது நிமிடமும், ஐவர் பகிர்ந்தால் முப்பத்தாறு நிமிடமும் கிடைக்கும். பல போட்டிகளுக்குப் பதினெண்மர் செல்லும் இடத்தில் ஒலிம்பிக்குக்குப் பதினாறு பேரே அனுமதி என்பதால், வெட்டு விழுவது பெரும்பாலும் இளம் முன்கள வீரர் மேல்தான். ஹாங்சோவில் தங்கம் வென்றால் பாரிசுக்கு நேரடித் தகுதி என்ற நிலை இருந்தது. இறுதியாட்டத்தில் ஜப்பானை 5-1 என வென்று இந்தியா அத்தகுதியைப் பெற்றது. அத்தகைய சூழலில் அனுபவசாலிகளை விரும்பிய தேர்வு புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் ஒரு தேர்வு அந்தத் தொடருக்குச் சரியாக இருப்பதும், நீண்டகாலத்துக்குச் சரியாக இருப்பதும் வெவ்வேறு. பாரிஸ் அணியின் ஐந்து முன்கள வீரர்களுள் அபிஷேக் தவிர மற்றவர்கள் அப்போது இருபத்தேழு வயதைக் கடந்தவர்கள். லலித் உபாத்யாய் 2025 ஜூனில் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடங்களில் ஒன்றுக்கு 2023-லிருந்தே ஓர் இளையவரைத் தொடர்ந்து ஆட்டங்களில் வைத்து வளர்த்திருந்தால், இன்று அணிக்குக் கிடைத்திருப்பது பழகிய ஒருவர்.

வெளியேறியவர் திரும்ப முடியும் என்பதற்கும் சான்று அருகிலேயே இருக்கிறது. பஞ்சாபைச் சேர்ந்த தில்பிரீத் சிங் பத்தொன்பது வயதில் 2018 உலகக் கோப்பையில் ஆடியவர், டோக்கியோவில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தவர், பாரிசுக்குத் தேர்வாகாதவர். 2025 செப்டம்பர் 7 அன்று ராஜ்கிரில் தென்கொரியாவை இந்தியா 4-1 என வென்ற ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல்கள் போட்டவர் அவரே. 2026 உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது அந்த வெற்றியால்தான். அவருடைய கோல் வரைபடத்தை 2024-இல் நிறுத்திப் பார்த்திருந்தால் அவரை முடிந்துபோனவர் என்றே எவரும் சொல்லியிருப்பர்.

இனி, கார்த்தியைப் பற்றிய ஆராய்ச்சியில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் மிக முக்கியமானதுமான ஒரு கூறு இருக்கிறது. வீரரின் வயது இரு வகைப்படும். பிறந்த நாளிலிருந்து எண்ணப்படுவது ஒன்று. தகுந்த களத்தில், தகுந்த பயிற்றுநரிடம் பழகத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவது மற்றொன்று. இரண்டாவதைப் பயிற்சி வயது என்பர். பன்னாட்டு ஹாக்கி முழுவதும் செயற்கைப் புல்தரையில் ஆடப்படுகிறது. அத்தரையில் பந்து மண்தரையில் போலத் துள்ளித் திசைமாறாது, வழுக்கிக்கொண்டு இன்னும் வேகமாக வரும். மண்ணில் பழகிய கைக்குப் பந்தை நிறுத்தும் கோணம், மட்டையைத் தாழ்த்தும் நேரம், பந்தைப் பெறுமுன்பே தலையை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்க்கும் பழக்கம் எல்லாமே மறுபடி கற்க வேண்டியவை. ஐரோப்பியச் சிறுவர்கள் ஆறேழு வயதிலேயே சங்கத்தின் செயற்கைத் தரையில் ஓடத் தொடங்குகிறார்கள். அரியலூர்ச் சிறுவர் ஒருவர் அதே தரையைக் காண, சென்னை-நெல்லை இருப்புப்பாதையில் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தெற்கே, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் சிறப்பு விடுதி நடத்தும் கோவில்பட்டிக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஆகவே 2022-இல் இருபது வயது கார்த்தியையும் இருபது வயது நெதர்லாந்து வீரர் ஒருவரையும் ஒரே அளவில் நிறுத்தினால், பயிற்சி வயதில் இளையவரை முதியவரோடு நிறுத்தியதாகும். பிந்தித் தொடங்கியும் அந்த மட்டத்தை எட்டியவருக்கு முன்னால் இருக்கும் வளர்ச்சித் தொலைவு, முந்தித் தொடங்கி அதே மட்டத்தில் இருப்பவருக்கு உள்ளதைவிடப் பெரும்பாலும் அதிகம். நீண்டகால மதிப்பு என்பது இந்தத் தொலைவின் மதிப்பே.

கார்த்தி ஆடிய 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு அறிமுகமான மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர். ஹாக்கி ஆட்டம் அவ்வூரில் தலைமுறைகளாக இருப்பது. சுண்ணாம்புக்கல்லாலும் சிமெண்ட் ஆலைகளாலும் அறியப்பட்ட அரியலூருக்கு அத்தகைய ஹாக்கி மரபு இல்லை. மரபில்லாத ஊரிலிருந்து ஒருவர் தேசிய அணிக்குச் செல்வது அவருடைய உழைப்பின் அளவைக் காட்டுகிறது. அதே நேரம், கண்டெடுக்கப்படாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கவலையையும் அது எழுப்புகிறது.

சந்தை விலையை நீண்டகால மதிப்பாகக் கொள்வதும் பிழையே. 2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஒவ்வோர் ஆடவர் அணிக்கும் 4 கோடி ரூபாய் வரம்பு இருந்தது. ஹர்மன்பிரீத் 78 இலட்சத்துக்கும் அபிஷேக் 72 இலட்சத்துக்கும் எடுக்கப்பட்டனர். கார்த்தி தமிழ்நாடு டிராகன்ஸ் அணிக்காக ஆடினார். ஏல விலை, அந்த ஒரு பருவத்தில் அந்த அணிக்கு எது குறைகிறது, கையில் எவ்வளவு பணம் மிஞ்சியிருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அமைவது. பெரம்பலூர் மாவட்டச் செட்டிகுளம் பகுதிச் சின்ன வெங்காய விவசாயி அறுவடை நாளின் விலைக்கு எல்லாவற்றையும் விற்றுவிடுவதில்லை. விதைக்கென ஒரு பங்கைப் பட்டறையில் காற்றோட்டமாக அடுக்கி வைத்து, அடுத்த பருவத்தின் தேவையைக் கணித்தே அதற்கு மதிப்பிடுகிறார். தேசிய அணியின் தேர்வாளர் இளம் முன்கள வீரரைப் பார்க்க வேண்டிய முறையும் இதுவே.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால் கார்த்தி செல்வத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வர இயலும். உயர்ந்த மட்டத்தில் கோல் போடும் திறன் அவரிடம் உண்டு என்பது உலகச் சாம்பியன்களுக்கு எதிராகவே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அதை மீண்டும் மெய்ப்பிக்குமாறு ஒவ்வொரு தொடரிலும் அவரைக் கேட்பது பொருந்தாது. அவரிடம் அளக்க வேண்டியவை பிரஸ்ஸிங்கில் கூட்டாளிகளோடு ஒத்து ஓடுவதும், பெனால்டி கார்னர்களைப் பெற்றுத் தருவதும், நெருக்கடி ஆட்டங்களின் கடைசிக் காற்பகுதியில் பந்தை இழக்காமல் காப்பதும் ஆகும். இவற்றை அளக்க ஆட்ட நேரம் வேண்டும். மாற்று வீரர் பட்டியலில் உட்காரவைத்து இவற்றை அளக்க முடியாது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் நடக்கும்போது அவருக்கு வயது இருபத்தாறு; முன்கள வீரர் ஒருவர் உடல் வலுவும் ஆட்ட அறிவும் ஒருசேரப் பெறும் பருவம் அது. அந்த ஆண்டை மனத்தில் வைத்து நோக்கினால், அவருக்கு இப்போது தொடர்ச்சியான ஆட்டங்களைத் தருவது இந்திய அணிக்கு இலாபமான முதலீடு.

இந்த ஆராய்ச்சியால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் உடற்கல்வி ஆசிரியர்கள் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. குறுவட்ட, மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டிகளில் இன்று பதிவாவது வென்ற அணியின் பெயரும் கோல் கணக்கும் மட்டுமே. ஆட்டத்தில் இறங்காத மாணவர் ஒருவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஒவ்வொரு முன்கள ஆட்டக்காரரும் எத்தனை முறை சர்க்கிளுக்குள் நுழைந்தார், எத்தனை பெனால்டி கார்னர் பெற்றார், எதிரணியிடமிருந்து எத்தனை முறை பந்தைப் பறித்தார், எத்தனை ஆண்டுகளாக, எத்தகைய தரையில் பழகுகிறார் என்ற நான்கையும் குறிக்கச் சொல்ல வேண்டும். கூடைப்பந்துக்கும் கால்பந்துக்கும் இதே முறையைச் சிறிது மாற்றிக் கையாளலாம். விடுதித் தேர்வுக்கு மாணவரை அனுப்பும்போது சான்றிதழுடன் அந்த நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்து அனுப்புமாறும், தேர்வாளர்கள் அதை வாங்கிப் படித்த பிறகே முடிவெடுக்குமாறும் இரு மாவட்ட ஆசிரியர்களையும் விளையாட்டு அலுவலர்களையும் இந்த ஆய்வு வேண்டிக்கொள்கிறது.